மிட்லாவின் அடுப்பு எரியட்டும்

'டாக்கோ பெல்' துரித உணவுக் கடைகளை உலகம் அறியும். அவற்றின் நிறுவனர் கிளென் பெல், டாக்கோ என்ற மெக்சிக உணவைச் செய்யக் கற்றுக்கொண்ட சமையலறையைக் கலிபோர்னியாவிலேயே பலர் அறியமாட்டார்கள். தென் கலிபோர்னியாவில் குடியிருக்கும் நான், ஊரிலிருந்து வரும் உறவினர்களைத் தவறாமல் அங்கே அழைத்துப் போகிறேன். சான் பெர்னார்டினோ நகரின் மேற்குப் பகுதியில், மவுண்ட் வெர்னான் சாலையில் இருக்கும் மிட்லா கஃபேதான் அது.

1937-இல் லூசியா ரோட்ரிகஸ் என்ற மெக்சிகோப் பெண்மணி இதைத் தொடங்கினார். பொருளாதாரப் பெருமந்தத்தைக் காரணம் காட்டி, மெக்சிகர்களை லட்சக்கணக்கில் எல்லைக்கு அப்பால் அனுப்பிய பத்தாண்டு அது. அப்படிப்பட்ட நாளில் ஒரு பெண் தன் ஊர்ச் சமையலை நம்பிக் கடை போட்டார். சான்டா ஃபே ரயில்வே பணிமனையில் உழைத்த மெக்சிகக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் இருந்தன. வாசலில் ஓடியது புகழ்பெற்ற 66-ஆம் எண் நெடுஞ்சாலை. உள்ளூர்க்காரர்களும் வழிப்போக்கர்களும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

மொறுமொறுவெனப் பொரித்த டார்ட்டியா என்னும் சோள ரொட்டிக்குள் கொத்திறைச்சி. மேலே லெட்டூஸ், தக்காளி, கை நிறையத் துருவிய செடார் சீஸ். இதுதான் மிட்லாவின் டாக்கோ. எதிர்ச்சாரியில் ஹாம்பர்கரும் ஹாட் டாகும் விற்றுக்கொண்டிருந்த பெல், இங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தார். வந்து சாப்பிட்டார், பழகினார். சமையலறைக்காரர்கள் செய்முறையை அவருக்குக் காட்டினார்கள். 1950-களின் தொடக்கத்தில் தன் கடையில் டாக்கோ விற்கத் தொடங்கியவர், 1962-இல் டவுனி நகரில் முதல் டாக்கோ பெல்லைத் திறந்தார்.

ஆனால் மிட்லாவின் பெருமை டாக்கோவோடு முடியவில்லை. டாக்கோ பெல்லுக்கு முன்பு, சான் பெர்னார்டினோவின் பெரிஸ் ஹில் பூங்காவில் இருந்த நகராட்சி நீச்சல் குளத்தில் மெக்சிகப் பிள்ளைகளை மற்றவர்களோடு சமமாக இறங்கவிடாத காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்து, பத்திரிகையாசிரியர் இக்னாசியோ லோபஸ் உள்ளிட்டோர் நகர மேயர் மீது வழக்குப் போட்டார்கள். அவர்கள் கூடிப் பேசிய இடங்களில் மிட்லாவும் ஒன்று. 1944-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த பிரவுன் தீர்ப்புக்குப் பத்தாண்டு முந்தியது இது.

2015-இல் டவுனியின் அந்த முதல் டாக்கோ பெல் கட்டடம் இடிபடும் நிலை வந்தபோது, நிறுவனம் அதை அப்படியே பெயர்த்து, லாரியில் ஏற்றி, சுமார் 70 கிலோமீட்டர் பயணமாகத் தன் தலைமையகத்துக்குக் கொண்டுபோனது. மிட்லாவை அப்படிக் காக்க முடியாது. அதன் உயிர் சுவரில் இல்லை. சமைக்கும் குடும்பத்திலும் சாப்பிட வரும் அக்கம்பக்கத்திலும் இருக்கிறது. பணிமனை மூடப்பட்டது, 66-ஆம் எண் சாலை அந்த எண்ணை இழந்தது, நகராட்சி 2012-இல் திவாலானது. அத்தனையையும் தாண்டி லூசியாவின் குடும்பமே கடையை நடத்திவருகிறது.

இப்படிப்பட்ட கடைகளைக் காக்க வழி இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-இல் மரபுக் கடைகளுக்கென ஒரு பதிவேடு தொடங்கியது. முப்பது ஆண்டுக்கு மேல் நடக்கும் கடைகள் அதில் இடம்பெறலாம். நீண்ட காலக் குத்தகை தரும் கட்டட உரிமையாளருக்கும் மானியம் உண்டு. கல்லைக் காப்பதைவிடத் தொழிலைக் காப்பதே சரி என்று உணர்ந்த ஏற்பாடு அது. குடியேறிகள் வளர்த்த எல்லா நகரங்களுக்கும் இது வரவேண்டும்.

அந்தப் பக்கம் போனால் மிட்லாவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். டாக்கோவோடு, லூசியா ரோட்ரிகஸ் என்ற பெயரையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.