உழைப்புக்கா, பெறுபேற்றுக்கா ஊதியம்?

வேலை செய்தவருக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எதனை அளந்து கொடுப்பது என்பதே வழக்கு. கரவெட்டியில் கிணறு வெட்டுவிக்கும் கமக்காரர், நாட்கூலி பேசினால் வேலை இழுபடும் என்று அஞ்சுவார். ஆழத்துக்கு இவ்வளவு என்று பேசினாலோ, வெட்டுபவர் அஞ்சுவார். மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் எவ்வளவு தடிப்பில் கிடக்கிறது என்பதை முன்னரே அறிபவர் யார்? ஒரு வளவில் ஒரு நாளில் இறங்கும் ஆழத்துக்கு மற்றொரு வளவில் பல நாள் செல்லக்கூடும். உழைப்பு ஒன்றாயினும் பலன் ஒன்றாவதில்லை.

இவ்வழக்கு 19ஆம் நூற்றாண்டிலே பள்ளிக்கூடத்துக்குள்ளும் புகுந்தது. 1862ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கல்விப் பொறுப்பை வகித்த றொபேட் லோ என்பவர், பாடசாலைகளுக்கு அரசாங்கம் வழங்கும் பணத்தைப் பரீட்சைப் பெறுபேற்றோடு பிணைத்தார். பிள்ளையின் வரவுக்காக 4 சிலிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் தேறினால் மேலும் 8 சிலிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். பணம் பாடசாலை முகாமையாளரிடமே சென்றதாயினும், உபாத்தியாயரின் சம்பளம் பல இடங்களில் அதனையே நம்பியிருந்தது.

கடல்கடந்து அம்முறை இலங்கைக்கும் வந்தது. றிச்சாட் மோகன் தலைமையிலான குழுவின் 1867ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1870 முதல், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு, இலௌகிக பாடங்களில் மாணவர் காட்டும் தேர்ச்சிக்கேற்பப் பணம் வழங்கப்படலாயிற்று.

இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடுதல் தகாது. பொதுமக்களின் வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது அரசின் கடமை. அன்றியும், பெறுபேற்றை மட்டும் நோக்கும் விதி, நடத்துபவரின் சமயத்தை நோக்குவதில்லை. மிஷனரிமாரின் கல்விப்பணி வேரூன்றியிருந்த யாழ்ப்பாணத்தில், 1848ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரின் வழிவந்தோருக்கு, இது சிறிய காரியம் அன்று.

ஆயினும் அளக்கப்பட்டதே வளர்ந்தது, அளக்கப்படாதது வாடியது. இங்கிலாந்தில் பரீட்சகர் வரும் நாளுக்காகவே ஆண்டு முழுவதும் பாடம் நடந்தது. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனனம் செய்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் சிலர் பிழையின்றி ஒப்புவித்தனர் என்று சொல்வதுண்டு. நோயுற்ற பிள்ளைகளும் பரீட்சை நாளில் அழைத்துவரப்பட்டனர். சரித்திரமும் பூமிசாத்திரமும் பின்தள்ளப்பட்டன. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னல்ட், கற்பித்தல் வெறும் இயந்திரத் தொழிலாகிவிட்டதெனத் தமது அறிக்கைகளில் அரசாங்கத்துக்கே எடுத்துரைத்தார். 1890ஆம் ஆண்டின் விதிகளால் அம்முறையின் பெரும்பகுதி அங்கே நீங்கியது. இலங்கையிலும் அது பின்னர் கைவிடப்பட்டு, ஆசிரியரின் தகைமையும் சேவைக்காலமும் சம்பளத்தின் அளவுகோல்களாயின.

பெருந்தீங்கு எவரைச் சார்ந்தது? ஆசிரியரைக் காட்டிலும் ஏழைப் பிள்ளையையே சார்ந்தது. அறுவடைக் காலத்தில் தோட்டத்தில் நின்று, வகுப்பில் பிந்தி வந்து சேரும் பிள்ளை, பெறுபேற்று முறையில் ஒரு நட்டக் கணக்கு. அப்பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதே ஆசிரியரின் மிகக் கடினமான உழைப்பு. அதற்கே மிகக் குறைந்த பணம். கிணறு வெட்டுபவருக்குப் பாறை எப்படியோ, ஆசிரியருக்குப் பிள்ளையின் வறுமை அப்படி. இரண்டும் அவர் வைத்தவை அல்ல.

அப்படியாயின், பலனைப் பாராமல் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பது போதுமா? போதாது. கேள்வியில்லாத சம்பளம் சோம்பலுக்கும் இடங்கொடுக்கும். அங்கேயும் இழப்பவர் மாணவரே. பலன் செய்பவரின் கையில் முழுவதும் அடங்கியிருக்கும் தொழிலில், பலனுக்குக் கூலி கொடுத்தல் நேர்மை. பிறருடைய நிலையிலும் அது தங்கியிருக்குமாயின், உழைப்புக்கே ஊதியம் கொடுத்து, அவ்வுழைப்பை அறிவுடையோர் நேரிற் சென்று நிதானித்துப் பார்ப்பதே நேர்மை. இது செலவுள்ள வழி. எண்களைக் கூட்டிப் பார்ப்பதுபோல் இலகுவானதன்று.

இன்று இலங்கையில் ஆசிரியரின் சம்பளம் மாணவர் பெறும் புள்ளிகளால் ஏறி இறங்குவதில்லை. எனினும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததும், பாடசாலைகளின் மதிப்பு ஊர்வாயில் ஏறியும் இறங்கியும் விடுகிறது. பணத்துக்குப் பதிலாகப் புகழ் கூலியாகியிருக்கிறது. சித்தியடைந்தோர் எத்தனை பேர் என்று கேட்கும் பெற்றோர், சித்தியடையாதோருக்கு அப்பாடசாலை என்ன செய்கிறது என்றும் கேட்பாராயின், 1862ஆம் ஆண்டின் தவறு மறுவடிவில் தொடராது.