பிசிறு பொறுக்கி

நான் வேலை பார்க்கும் சாணக்யபுரிக்குப் பெயர் தந்தவரின் அர்த்தசாஸ்திரத்தில், அரசுப் பணத்தைக் கையாட 40 வழிகள் பட்டியலாகவே இருக்கு! வங்கியில் ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்ப்பதும் அந்த பயத்தில்தானே?

கணினி நிரலுக்கு அந்த இரண்டாம் ஆள் 1978-ல் வந்தார். பெல் ஆய்வகத்து ஸ்டீஃபன் ஜான்சன், சி மொழி நிரலை ஓட்டாமல் படித்தே குறை சொல்லும் கருவி எழுதி 'லின்ட்' என்று பெயரிட்டார். துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு. (திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கணுமா என்ன!) ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட் 2013-ல் வந்தது.

அதுவரை குறையைப் படித்துத் திருத்தியது மனிதன். இப்போது ஏஐ ஏஜென்ட்டே நிரல் எழுதுது. 2025-ல் பரவிய 'ஏஜென்ட்ஸ்.எம்டி' கோப்பு அதற்கான சுற்றறிக்கை மாதிரி. 'தரமாக எழுது' என்றால் போதாது. எந்தச் சோதனை, எந்தக் கட்டளை என்று எழுத்து பிசகாமல் சொல்லணும். இன்னொன்றும் சேர்க்கணும்: விதிக்கோப்பில் கை வைக்காதே. குறையைத் திருத்தாமல் விதியையே அணைத்துவிட்டு 'பாஸ்' சொல்லும் ஏஜென்ட்டுகளும் உண்டுங்க.