ஆளுக்கு ஒரு பைசா

1875ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி, புனே மாவட்டத்தின் சுபா என்ற சந்தை ஊரில் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் திரண்டார்கள். வட்டிக்கடைகளின் முன் நின்று அவர்கள் கேட்டவை இரண்டு: கணக்குப் பேரேடுகள், கடன் பத்திரங்கள். கிடைத்ததையெல்லாம் கொளுத்தினார்கள். தானியக் கடைகள் சூறையாடப்பட்டன, சில வீடுகளும் எரிந்தன. ஆனாலும் அவர்கள் குறி ஆட்களின் மேல் இல்லை, காகிதத்தின் மேல்தான் இருந்தது. விரைவிலேயே நெருப்பு அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. வரலாற்று நூல்கள் இதைத் தக்காணக் கலகம் என்கின்றன.

கலகத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு இதே புனே வட்டாரத்தில் நடந்தவை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்காத மக்கள், தொழில் தொடங்க முதல் இல்லாத மக்கள், வங்கியின் வாசலையே மிதித்திராத மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட பண ஏற்பாடுகளின் கதை அது. இன்றுவரை அது முடியவில்லை.

கடன் பத்திரம் என்ற காகிதத்துக்கு ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்தும் வலிமை எங்கிருந்து வந்தது? அதற்கு, மராட்டியத்தைப் பேஷ்வாக்கள் ஆண்ட காலத்துக்குப் போக வேண்டும். அன்றைய மராட்டிய கிராமத்தில் பெரும்பாலான கொடுக்கல் வாங்கலுக்குக் காசே தேவைப்படவில்லை. தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார் முதலிய பன்னிரண்டு வகைத் தொழிலாளர்களுக்குப் 'பலுதேதார்' என்று பெயர். ஆண்டு முழுவதும் அவர்கள் செய்யும் வேலைக்கு அறுவடையின்போது களத்தில் தானியப் பங்கு அளந்து கொடுப்பார்கள். சாதிப் படிநிலையோடு பின்னிக் கிடந்த முறை அது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பிறப்பே தீர்மானித்ததால் அதைப் பொற்காலமாகப் பாடுவதற்கில்லை. ஆனால் ஊருக்குள் பிழைப்பதற்கு நாணயம் கட்டாயமில்லை என்பது மட்டும் உண்மை.

ஊருக்கு வெளியே கதை வேறு. சிவாஜி காலத்தில் தொடங்கிய 'சிவராய்' செப்புக்காசு சில்லறை வியாபாரத்தில் புழங்கியது. வெள்ளியில் புனேயின் அங்குச முத்திரை பொறித்த 'அங்குஷி' ரூபாய், சாந்தவட்டில் அடித்த 'சாந்தோரி' ரூபாய் என்று வட்டாரத்துக்கு ஒன்று இருந்தது. பல நாணயச் சாலைகள் தனியார் குத்தகையில் நடந்தன. அதனால் எடையும் வெள்ளித் தரமும் சாலைக்குச் சாலை மாறின. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினால் காசு மாற்றித் தரும் சராஃப் 'பட்டா' என்ற வட்டத்தைப் பிடித்துக்கொள்வார். வரியை இன்ன நாணயத்தில்தான் கட்ட வேண்டும் என்று அரசு சொல்லும்போது அந்த வட்டம் குடியானவன் தலையில் விழுந்தது.

புனேயில் வாழ்ந்த நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, மராட்டியர் காலத்து நாணயங்களையும் நாணயச் சாலைகளையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். பம்பாய் மாகாணத்து நீதிமன்றங்களின் வழிகாட்டலுக்காக வெளியிட்ட பட்டியல்களில் 38 வகைப் பொற்காசுகளும் 127க்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகளும் இடம்பெற்றிருந்ததை அதில் எடுத்துக்காட்டுகிறார். கம்பெனி அரசு 1835இல் ஒரே சீரான ரூபாயைக் கொண்டுவந்த பிறகும் பழைய காசுகளின் கணக்கு நீதிமன்ற வழக்குகளில் வந்து நின்றது.

வெள்ளையர் ஆட்சியில் நிலவரி ரொக்கமாகக் கட்ட வேண்டியதாயிற்று. மழை பொய்த்தாலும் தவணை நிற்காது. ரொக்கத்துக்குச் சாவ்கார் எனப்படும் வட்டிக்கடைக்காரரை விட்டால் வேறு வழி இல்லை. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் லங்காஷயர் ஆலைகளுக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. பருத்தி விதைப்பவனுக்குக் கேட்ட கடன் கிடைத்தது. 1865இல் போர் முடிந்தது, விலை விழுந்தது, கடன் கொடுத்த கைகள் மூடிக்கொண்டன. அதே காலத்தில் நிலவரியும் உயர்ந்தது. கடன் பத்திரம் மூன்றே ஆண்டுகளுக்குச் செல்லும் என்று 1859இல் ஒரு சட்டம் வந்திருந்தது. வட்டி மலைபோல் குவியாமல் தடுப்பதே அதன் நோக்கம். நடைமுறையில், மூன்று ஆண்டு முடிந்ததும் அசலும் வட்டியும் சேர்த்துப் புதிய பத்திரம் எழுதி, அந்த மொத்தத்துக்கும் வட்டி போட்டார்கள். படிக்கத் தெரியாதவனின் கைநாட்டு அதன் அடியில் இருந்தது.

சுபாவில் தீ எழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1874 டிசம்பரில், சிரூர் தாலுகாவின் கர்டே கிராமத்தில் இன்னொன்று நடந்தது. 150 ரூபாய்க் கடனுக்காக ஒரு தேஷ்முக்கின் வீட்டை இடிக்க வட்டிக்கடைக்காரர் நீதிமன்ற உத்தரவோடு வந்தார். ஊர் கூடி அவரை ஒதுக்கி வைத்தது. அவர் கடையில் யாரும் வாங்கவில்லை, அவருக்கு நாவிதர் சவரம் செய்யவில்லை, வண்ணார் துணி வெளுக்கவில்லை. தீயைவிட இந்த ஒதுக்கலே நீண்ட காலப் பாடம். பணம் ஒருவரிடம் குவிந்திருந்தாலும் அதைச் செல்ல வைப்பது ஊரின் சம்மதம்தான் என்பதைக் கர்டே மக்கள் செய்து காட்டினார்கள்.

கலகத்தை விசாரிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரங்களின் பின்னணியை ஆராய நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் கொடுத்தது. ஆனால் விதைநெல்லுக்கும் மாட்டுக்கும் பணம் யார் தருவார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் ரானடேயும், பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராக இருந்த வில்லியம் வெட்டர்பர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும். புனேயின் தென்கிழக்கே உள்ள புரந்தர் தாலுகாவில் ஒரு விவசாய வங்கியைச் சோதனையாகத் தொடங்க அவர்கள் திட்டமிட்டார்கள். அரசு உதவியோடு பழைய கடன்களை ஒருமுறை தீர்த்துவிடுவது, பிறகு மிதமான வட்டிக்கு வங்கியே கடன் கொடுப்பது என்பது திட்டம். வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் அரசு அதை ஏற்று 1884இல் லண்டனுக்கு அனுப்பியது. லண்டனில் இருந்த இந்தியச் செயலர் அனுமதி தரவில்லை. புரந்தர் வங்கி கடைசிவரை திறக்கவே இல்லை.

அரசின் கையெழுத்துக்குக் காத்திராத ஒரு யோசனை அந்த நூற்றாண்டின் முடிவில் வந்தது. அந்தாஜி தாமோதர் காளே என்பவர், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரே ஒரு பைசா கொடுத்தால் போதும், நாட்டில் தொழில் வளர்க்கப் பொது முதல் திரண்டுவிடும் என்றார். அன்று ஒரு ரூபாய்க்கு 64 பைசா. 1901 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் ஏறத்தாழ 29 கோடிப் பேர். எல்லாரும் கொடுத்தால் ஆண்டுக்கு 45 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. இதை நம்பிக் காளே ஊர் ஊராகப் போனார். திலகரின் 'கேசரி' அவருக்குத் தோள் கொடுத்தது. 1905இல் சுதேசி இயக்கம் மூண்டதும், 'பைசா ஃபண்ட்' மராட்டியம் எங்கும் தெரிந்த பெயராயிற்று.

கணக்குப்படி 45 லட்சம் ஒருநாளும் சேரவில்லை. சேர்ந்த தொகையே ஒரு தொழிற்சாலைக்குப் போதுமானதாக இருந்தது. 1908இல் புனேக்கு வடமேற்கே, ரயில் பாதையை ஒட்டிய தளேகாவ் தாபாடேயில் பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலை பிறந்தது. கண்ணாடியைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. பெண்கள் கையில் போட்ட வளையலும் விளக்குச் சிம்னியும் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலையின் தொடக்கத்தில் பொறுப்பேற்றவர் ஈஸ்வர் தாஸ் வார்ஷ்ணே. ஜப்பானிலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் படித்துத் திரும்பியவர். உலகின் மேலான தொழில்நுட்பக் கல்வி பெற்ற ஒருவருக்கு வேலைக்களம் அமைத்துக் கொடுத்தது, பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேரின் ஒற்றைப் பைசா. அதே 1908இல் திலகர் ராஜதுரோக வழக்கில் கைதாகி மாண்டலே சிறைக்குப் போனார். தொழிற்சாலை நிற்கவில்லை.

பைசா கொடுத்தவருக்குப் பங்குப் பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, லாபம் கிடையாது. அதனால் தொழிற்சாலை லாபம் பார்ப்பதையே ஒரே வேலையாக வைத்துக்கொள்ளவும் இல்லை. அது ஒரு பயிற்சிக்கூடமாகவும் இயங்கியது. உலை மூட்டவும், உருகிய கண்ணாடியைக் குழலில் ஊதி உருவாக்கவும் அங்கே கற்றவர்கள் இந்தியாவின் பல பகுதிகளுக்குப் போய்ப் புதிய கண்ணாடி ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். தளேகாவ் விற்ற புட்டிகளைவிட அது உருவாக்கி அனுப்பிய கைகளே நாட்டுக்குப் பெரிய வரவு. போட்ட பைசாவுக்கு மக்கள் பெற்ற வட்டி அதுதான்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் தூத்துக்குடி நினைவுக்கு வரும். 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஒரு பங்கின் விலை 1,600 பைசா. கப்பல் வாங்கப் பெருந்தொகை உடனே வேண்டியிருந்ததால் அந்த வழி. பைசா ஃபண்ட், பங்கு வாங்க முடியாதவனையும் உள்ளே அழைத்தது. கோவாவின் பணஜியில் 1908இல் கைப்பிடி அரிசி திரட்டிப் பள்ளி நடத்த 'முஷ்டிஃபண்ட்' சங்கம் எழுந்தது. நம் ஊர்களின் பிடியரிசியும் இந்த வகைதான். கொடுப்பவரின் அடுப்பு அணையாத அளவுக்கு மட்டும் கேட்பது இவற்றின் பொது விதி.

லண்டன் மறுத்த விவசாய வங்கியின் நோக்கம் இருபது ஆண்டு கழித்து வேறு வடிவில் வந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அதற்கு அடித்தளமாக இருந்தவற்றில் சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை முக்கியமானது. திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் அதே ஆண்டு கடன் சங்கம் தொடங்கியது. புனேயில் 1906இல் காஸ்மாஸ் வங்கி கூட்டுறவு அமைப்பாகத் தொடங்கி, இன்று நாட்டின் பெரிய நகரக் கூட்டுறவு வங்கிகளில் ஒன்றாக இருக்கிறது. மராத்தியில் 'பத்சன்ஸ்தா' எனப்படும் சிறு கடன் சங்கங்கள் பேட்டைதோறும் பெருகின.

ஆனால் பதிவு எண்ணும் பெயர்ப்பலகையும் இல்லாத ஏற்பாடு ஒன்று இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அது 'பிஷி'. நம்முடைய சீட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. பன்னிரண்டு பேர் மாதம் 500 ரூபாய் போட்டால், மாதம் ஒருவருக்கு 6,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். குலுக்கிப் போட்டு எடுப்பதும் உண்டு, ஏலம் விடுவதும் உண்டு. சேர்ந்த பணத்தைக் குழுவுக்குள்ளேயே வட்டிக்கு விட்டு, தீபாவளிக்கு அசலும் வட்டியுமாகப் பிரித்துக்கொள்ளும் பிஷியும் உண்டு. ஒருவர் நடுவில் ஓடிப்போனால் மற்றவர்களின் பணம் போயிற்று. அதனால்தான் சேர்க்கும்போதே ஆள் பார்த்துச் சேர்க்கிறார்கள். ஒரே சந்தை, ஒரே தெரு, ஒரே அலுவலகம் என்று முகம் தெரிந்த வட்டத்துக்குள் அது நிற்கிறது.

முகம் தெரிந்தவர்களிடமும் கையில் பணம் இல்லை என்றால்? புனேயின் குப்பை பொறுக்கும் பெண்களுக்கு இருந்த சிக்கல் அதுதான். பெரும்பாலும் தலித் பெண்கள். அன்றாடம் பொறுக்கியதை அன்றாடம் பழைய பொருள் கடையில் போட்டு வாழ்ந்தவர்கள். அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் போவதைத் தவிர வழியில்லாதவர்கள். 1993இல் அவர்கள் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்பது பொருள். சுமைதூக்கும் தொழிலாளர்களை ஹமால் பஞ்சாயத்தில் ஒன்றுசேர்த்த பாபா ஆடாவ் அவர்களுக்குத் துணை நின்றார். எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் புனே பிரிவில் இருந்தவர்களும் உடன் உழைத்தார்கள்.

சங்கம் உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது, மாநகராட்சியும் அதை ஏற்றது. அடுத்து அவர்களுக்கென்றே ஒரு பத்சன்ஸ்தா எழுந்தது. அதுவரை எந்த வங்கியும் கணக்கு திறந்துகொடுக்காத பெண்கள் அங்கே சேமித்தார்கள், அதே சேமிப்பிலிருந்து மிதமான வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். வட்டிக்காரரிடம் சிக்கிய கடனை அடைக்கவும் பிள்ளைகளின் படிப்புக்கும் அந்தப் பணம் உதவியது. புரந்தரில் ரானடே விரும்பியது ஏறத்தாழ இதேதான்: பழைய கடனிலிருந்து விடுதலை, புதிய கடனுக்கு நியாயமான வட்டி.

2008இல் அவர்களுடைய 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்தது. வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலை சட்டப்படி அவர்களுடையதாயிற்று. அதன் பண ஏற்பாடு கவனிக்கத் தக்கது. பெரும்பாலான நகரங்களில் குப்பைக்கான பணம் மாநகராட்சியிலிருந்து ஒப்பந்தக்காரருக்குப் போய், அவர் பிடித்ததுபோக மிச்சம் கூலியாக வரும். புனேயில் வீட்டுக்காரர் தரும் மாதக் கட்டணம் நேராகக் குப்பை எடுக்கும் பெண்ணின் கைக்குப் போகிறது. பிரித்தெடுத்த காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் விற்று வரும் வருமானமும் அவளுடையதே. இடைத்தரகர் இல்லாத இந்த முறை தொடர்வது மாநகராட்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதைப் பொறுத்தது. தவணை முடியும்போதெல்லாம் பெரிய நிறுவனங்களிடம் வேலையைக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுகிறது. புரந்தர் வங்கியை ஒரு கையெழுத்து தடுத்தது. அப்படி இன்னொரு கையெழுத்து இந்த ஏற்பாட்டை முடித்துவிடாமல் இருக்க, அந்தப் பெண்கள் மாநகராட்சி வாசலில் திரும்பத் திரும்பத் திரள வேண்டியிருக்கிறது.