பாசறையும் காதலும்: ப. சிங்காரத்தின் போர் நாவல்கள்

பசுமலையில் வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் தொல்காப்பியத்தின் அகத்திணை, புறத்திணை இயல்களுக்குப் புத்துரை கண்டவர். காதலும் போரும் எங்கே பிரிகின்றன, எங்கே தொட்டுக்கொள்கின்றன என்னும் வினா மதுரை மண்ணுக்கு மிகப் பழையது. நெடுநல்வாடையில் அரசி அரண்மனையில் துயிலின்றி வருந்துகிறாள்; அரசனோ பாசறையில் நள்ளிரவிலே புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். வேலிற் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டிவிடுவதால் அப்பாட்டு புறமாயிற்று என்பர். துயரத்தினின்று தப்பியோட அங்கே இருவருக்கும் வழியில்லை. அவள் காத்திருக்கிறாள், அவன் கடமையைச் செய்கிறான்.

முதல் உலகப் போருக்குப் பின் மேனாட்டு நாவலாசிரியர் காதலை வேறொரு வேலைக்கு அமர்த்தினர். 1929-இல் வெளிவந்த ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலில் வரும் காதரின், மணக்கவிருந்தவனைச் சோம் போர்க்களத்திற் பறிகொடுத்தவள். இறந்தவனுடைய இடத்தில் ஹென்றியை நிறுத்திக்கொண்டே அவளது காதல் தொடங்குகிறது. விளையாட்டாகப் புகுந்த ஹென்றிக்கும் பின்னர் அதுவே புகலிடமாகிறது. படையை விட்டோடி, இரவோடிரவாக ஏரியிற் படகு வலித்து, இருவரும் சுவிட்சர்லாந்தை அடைகின்றனர். ஆயினும் பிள்ளைப்பேற்றில் குழந்தையும் இறக்கிறது, தாயும் இறக்கிறாள். துப்பாக்கி எட்டாத ஊரிலும் சாவு எட்டிவிடுகிறது.

இந்த நாவலைத் தமிழ்ச் சிங்காரத்தின் வாழ்வோடு வைத்துப் பார்க்கையில் மனம் துணுக்குறும். 1920-இல் சிங்கம்புணரியிற் பிறந்து, மதுரையிற் பயின்று, 1938-இல் பிழைப்புக்காகச் சுமத்திராவின் மெடான் நகருக்குச் சென்றவர் அவர். அங்கே மணம் புரிந்தார். மனைவியும் குழந்தையும் பிரசவத்தின்போதே மாண்டனர். மீண்டும் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1946-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு முதல் மதுரைத் தினத்தந்தியிற் பணியாற்றி, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் நெடுங்காலம் தனியே வாழ்ந்தார்.

இத்தகைய இழப்புக்கு ஆளானவர் காதலை ஆறுதலாக எழுதியிருந்தால் யாரும் குறை கூறார். அவர் அப்படி எழுதவில்லை. கலைமகள் பரிசு பெற்று 1959-இல் நூலான ‘கடலுக்கு அப்பால்’ நாவலில், நேதாஜியின் படையிலிருந்து மீண்ட செல்லையா, பினாங்கில் மரகதத்தை விரும்புகிறான். போர் முடிந்துவிட்டது, பகை இல்லை, குறுக்கே நிற்பது வட்டிக்கடைக் கணக்கு. துப்பாக்கி பிடித்த கை பேரேட்டுக்கு உதவாது என்று மரகதத்தின் தந்தை வயிரமுத்துப் பிள்ளை முடிவு கட்டுகிறார். ஹென்றிக்கு ஏரியைக் கடக்க ஒரு படகேனும் கிடைத்தது. செல்லையாவுக்கு அதுவும் இல்லை; மரகதத்தை இழந்த துயரை விழுங்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

‘புயலிலே ஒரு தோணி’ இன்னும் கடுமையானது. 1942-இல் ஜப்பானியர் மெடானுக்குள் நுழைவதிலிருந்து கதை விரிகிறது. பாண்டியன் வாழ்விலும் பெண்கள் வருகின்றனர், போகின்றனர். எவரிடத்தும் அவன் தங்குவதில்லை. அவனுக்குப் புகலிடமாவது நினைவு: மதுரைத் தெருக்களும், கடைகளும், பேச்சுக் குரல்களும் அலையலையாக எழுந்து வருகின்றன. காதலி இருக்க வேண்டிய இடத்தில் ஊர் இருக்கிறது. அந்த ஊரையும் அவன் அடையவில்லை; இந்தோனேசிய மண்ணிலேயே சுடப்பட்டு மடிகிறான். பாசறையிலிருந்து மீளாத பாண்டியன் என்று பெயரை வைத்தே ஒரு கசப்பான பொருள் கொள்ளலாம். (பழம்பெருமைப் பேச்சை இந்நாவல் எள்ளும் பக்கங்களில் இலக்கிய வட்டத்தார் சற்று நெளிய வேண்டிவரும், நெளிவது நன்று.)

பிரசவ அறைத் துயரை நேரே எழுத ஹெமிங்வேயால் முடிந்தது. அதைத் தம் வாழ்விலேயே கண்ட சிங்காரம், தம் நாயகர் இருவரையும் மணவறை வரைகூட அழைத்துச் செல்லவில்லை. 1962-இல் எழுதி முடித்த ‘புயலிலே ஒரு தோணி’ பத்தாண்டு காத்திருந்து 1972-இல் அச்சேறியது. 1997 டிசம்பரில் அவர் மதுரையிற் காலமாகும் வரை மூன்றாவது நாவல் வரவில்லை.