கால வரம்பா, சுவடா? அனுப்பிய செய்தியைத் திருத்தும் வசதி குறித்து ஒரு மறுவாசிப்பு

அனுப்பிய செய்தியைத் திருத்தவும் திரும்பப் பெறவும் விடும் வசதியை ஆராய்ந்தோரில் பலர் காலத்தையே அளவுகோலாகக் கொண்டனர். அவகாசம் குறைந்தால் பெறுநருக்குக் காப்பு, கூடினால் கேடு என்பது அவர்கள் துணிபு. இதற்கு அவர்கள் தவறாமல் காட்டும் சான்று, 2022இல் ஐஓஎஸ் 16இன் சோதனைப் பதிப்பில் ஆப்பிள் செய்த மாற்றம். அந்தச் சான்றை முழுமையாகப் படித்தால் அது அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது.

தொடக்கத்தில் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில் திருத்துவதற்கும் திரும்பப் பெறுவதற்கும் 15 நிமிட அவகாசமே இருந்தது. மிரட்டலை அனுப்பிவிட்டு, படித்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்குமுன் அழித்துவிடலாமே என்று குடும்ப வன்முறைக்கு ஆளானோர் தரப்பிலிருந்து எச்சரிக்கை எழுந்தது. ஜூலை இறுதியில் வந்த நான்காம் சோதனைப் பதிப்பில் திரும்பப் பெறும் அவகாசம் 2 நிமிடமாகச் சுருங்கியது. முன்னையோர் மேற்கோள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதே பதிப்பில் திருத்துவதற்கான 15 நிமிடம் குறையவே இல்லை. ஒரு செய்தியை 5 முறைக்கு மேல் திருத்த முடியாது என்ற வரம்பு வந்தது. ‘எடிட்டட்’ என்ற குறிப்பைத் தொட்டால் பழைய வாசகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும் ஏற்பாடும் சேர்ந்தது.

ஒரே அவகாசத்தோடு தொடங்கிய இரண்டு வசதிகளில், பழைய வாசகம் பெறுநர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நேரம் குறையவில்லை. தெரியாத இடத்தில்தான் குறைந்தது. ஆகவே காலக் குறைப்பு என்பது சுவடு இல்லாத குறையை ஈடுகட்டும் ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது. எச்சரிக்கைதான் மாற்றத்துக்குக் காரணம் என்று அறுதியிட இயலாது. ஆனாலும் மாற்றம் இந்த வடிவில் அமைந்தது தற்செயல் என்று கொள்ளவும் மனம் ஒப்பவில்லை.

பிற செயலிகளும் பெரும்பாலும் இதற்கு இயைந்தே நிற்கின்றன. திருத்த வரலாற்றைக் காட்டும் சிக்னல் 24 மணி நேரம் தருகிறது. அதைக் காட்டாத வாட்ஸ்அப் 2023இல் 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டது. ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் மெசஞ்சரில் அனுப்பிய பழைய செய்திகள் பெறுநர்களின் பெட்டியிலிருந்து காணாமற்போனது 2018 ஏப்ரலில் வெளிப்பட்டபோது, அழித்ததைவிட அழித்த அடையாளமே இல்லாததுதான் உறுத்தியது. அடுத்த ஆண்டு அதில் எல்லோருக்கும் அந்த வசதி வந்தபோது 10 நிமிட வரம்போடு, செய்தி அகற்றப்பட்டது என்ற குறிப்பும் உடன்வந்தது.

வாட்ஸ்அப்பின் ‘அனைவருக்கும் நீக்கு’ இந்த வரிசையில் அடங்காது என்பது மெய். 2017இல் 7 நிமிடமாக இருந்தது, 2022இல் இரண்டு நாளைத் தாண்டியது. எஞ்சுவதோ ‘நீக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி. அது அரைச் சுவடு. ஏதோ வந்தது என்று பெறுநர் சொல்லலாம், என்ன வந்தது என்று காட்ட முடியாது. டெலிகிராமோ 2019இல் எந்தக் கால வரம்பும் இல்லாமல், எந்தக் குறிப்பும் விடாமல், எதிராளி எழுதியதையும் சேர்த்து இருபுறமும் அழிக்க விட்டது. இதை அந்தரங்கக் காப்பு என்று அழைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எழுதியவருக்கே செய்தி சொந்தம் என்ற வாதம் தொழில்நுட்பத்தின் முன் நிற்காது. திரும்பப் பெறும்போது எதுவும் திரும்பி வருவதில்லை. இன்னொரு கட்டளை போகிறது, பெறுநரின் கைப்பேசியில் உள்ள செயலி அதற்குப் பணிகிறது. பழைய ஐஓஎஸ் உள்ள கைப்பேசியில் ஐமெசேஜ் அழியாமல் கிடப்பது இதனால்தான். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்பது பதிலாகாது. மிரண்டுபோனவருக்கு அந்த நொடியில் அது தோன்ற வேண்டுமே.

செய்தி நீதிமன்றத்தில் சான்றாகும்போதும் இதே குறை தொடர்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பை, அதாவது பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீட்டை, கேட்கிறது. அது, கணக்கிட்ட நேரத்தில் கருவியில் இருந்த பதிவுக்கே பொருந்தும். அதற்கு முன்பே அனுப்பியவர் வரியை மாற்றியிருந்து, செயலியும் வரலாற்றை வைத்திருக்காவிட்டால், பெறுநரின் கைப்பேசி அவர் படிக்காத வாசகத்துக்குச் சாட்சி சொல்லும்.