மூலிகைச் சாறு மலேரியா மருந்தாவது எப்படி?

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து தேக்கா நோக்கி நடந்தால், கடைகளில் நிலவேம்புப் பொடி கண்ணில் படும். காய்ச்சல் என்றதும் அதைத் தேடுவோர் நம்மில் பலர். ஆனால், ஒரு மூலிகை மலேரியாவைக் குணப்படுத்துமா என்பது எப்படி முடிவுசெய்யப்படுகிறது?

மலேரியாவுக்கான இரு முக்கிய மருந்துகள் தாவரங்களிலிருந்தே கிடைத்தன. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820ல் குயினைன் பிரித்தெடுக்கப்பட்டது. 1860களில் அம்மரம் நீலகிரியில் பயிரிடப்பட்டது. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் நடுவட்டம் தோட்டத்தில் வேலை செய்தனர்.

மற்றொன்று ஆர்ட்டெமிசினின். சீன விஞ்ஞானி டு யூயூ, சூடாக்கினால் மூலிகையின் ஆற்றல் அழிவதை உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாறெடுத்தார். 1972ல் கிடைத்த அந்த மருந்துக்காக 2015ல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சோதனை படிப்படியாக நடக்கும். ஆய்வகத்தில் மனித ரத்தச் சிவப்பணுக்களில் கிருமி வளர்க்கப்படும். அதில் சாற்றைக் கலந்து, இரண்டு மூன்று நாளில் எவ்வளவு கிருமி எஞ்சுகிறது என்று பார்ப்பர். பாதிக் கிருமியை ஒழிக்க எவ்வளவு சாறு தேவை என்பதே அளவுகோல். அந்த அளவு மனித உயிரணுக்களுக்குக் கேடு செய்யக்கூடாது. பிறகு எலிகள், இறுதியில் மனிதர்கள்.

தருமபுரி வட்டாரக் கிராமங்களில் பயன்படும் வில்வம் முதலிய மூலிகைகள் இவ்வாறு சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2012ல் வெளியாயின. அது ஆய்வகக் கட்டம் மட்டுமே.

சிங்கப்பூரிலும் இத்தகைய தேடல் நடந்தது. பயோபோலிசில் இயங்கிய நோவார்ட்டிஸ் வெப்பமண்டல நோய் ஆய்வுக் கழகமும் அதன் பங்காளிகளும், இயற்கைச் சேர்மங்களும் அவற்றை ஒத்த செயற்கைச் சேர்மங்களுமாக ஏறத்தாழ 12,000 சேர்மங்களைச் சலித்தனர். அதன் தொடர்ச்சியாக உருவான சிபார்கமின் பற்றி 2010ல் அறிவித்தனர். அதன்பின் பத்தாண்டுக்கு மேலாகியும் மனிதர்களிடம் சோதனைகள் நீடித்தன.

ஆய்வகத்தில் கிருமியைக் கொன்ற சாறு, வயிற்றில் சிதைந்துபோகலாம். ரத்தத்தில் போதிய அளவு சேராமலும் போகலாம். ஆர்ட்டெமிசினின் தரும செடியைக்கூடத் தேநீராகக் குடிப்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஆதரிக்கவில்லை.

1982ல் மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்ட சிங்கப்பூருக்கு, இன்றும் பயணிகள் வழி அந்நோய் வருவதுண்டு. ஃபால்சிபாரம் வகைக்குச் சிகிச்சை தாமதமானால் ஒரே நாளில் நிலைமை மோசமாகலாம். மலேரியா உள்ள ஊருக்குப் போய்வந்தபின் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சென்ற ஊரையும் சொல்லுங்கள். கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.