சஃபையர் முதல் சத்யம் வரை: சென்னையின் பல திரை அரங்குகள்

இந்தியாவின் முதல் மல்டிபிளெக்ஸ் எது என்று நம்ம பிள்ளைகளைக் கேட்டால், 1997இல் டெல்லி சாகேத்தில் திறந்த பி.வி.ஆர். அனுபம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். மல்டிபிளெக்ஸ் என்ற பெயர் பரவியது அதற்குப் பிறகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் பல திரைகள் என்ற ஏற்பாடு அதற்கு 33 ஆண்டுகள் முன்பே, 1964இல், சென்னை மவுண்ட் ரோட்டுக்கு வந்துவிட்டது. பாலக்காட்டிலும் மூணாறு, மறையூர்ப் பக்கத்திலும் வாழும் நம் குடும்பங்கள் இதை அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

தென்னாட்டு சினிமாவின் கதை நமக்கு அடுத்த ஊரில் தொடங்குகிறது. ரயில்வே வேலையில் இருந்த கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலை நிறுவினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1913இல், வார்விக் மேஜர் என்பவர் சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்திருந்தார். அதே சாலையில்தான் ஐம்பது ஆண்டு கழித்து சஃபையர் எழுந்தது.

இன்றைய ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே இருந்த அந்த வளாகத்தில் மூன்று அரங்குகள்: சஃபையர், புளூ டயமண்ட், எமரால்ட். அதாவது நீலம், நீல வைரம், மரகதம். பாலக்காட்டு ஜைனமேட்டில் ஒரு காலத்தில் வைர வியாபாரம் செய்த சமூகத்தைச் சேர்ந்தவன் நான். அந்தப் பெயர்களே என்னை இழுத்தன.

வியாபாரி கண்ணால் பார்த்தால் இதன் சூட்சுமம் எளிது. ஒரே அரங்கு உள்ளவருக்குப் படம் ஓடாவிட்டால் முழு நஷ்டம். மூன்று இருந்தால் ஒன்றின் இழப்பை மற்றொன்று தாங்கும். பெரிய படத்தைப் பெரிய அரங்கில் போட்டு, கூட்டம் குறைந்ததும் சின்ன அரங்குக்கு மாற்றலாம். வண்டி நிறுத்துமிடமும் சிற்றுண்டிக் கடையும் மூன்றுக்கும் பொது. அமெரிக்காவில் ஸ்டான்லி டர்வுட் 1963இல் கான்சஸ் சிட்டியில் இரட்டை அரங்கு திறந்ததும் இதே கணக்கில்தான். மறு ஆண்டே சென்னையில் மூன்று!

புளூ டயமண்டின் சிறப்பு தொடர் காட்சி. டிக்கெட் எடுத்து எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். பாதியில் புகுந்தவர் அடுத்த சுற்றில் முன்பாதியைப் பார்த்துக்கொள்வார். 1980களில் சரக்கு எடுக்கச் சென்னை போகும்போது, வேலை முடிந்து ராத்திரி வண்டிக்குக் காத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது குளுகுளு சத்திரம் மாதிரி. லாட்ஜ் வாடகை மிச்சம். யாரும் எழுந்து போ என்று சொன்னதில்லை.

சஃபையர் காட்டிய வழியில் 1970இல் தேவி வளாகம் நான்கு அரங்குகளோடு வந்தது: தேவி, தேவி பாரடைஸ், தேவி பாலா, தேவி கலா. 1974இல் ராயப்பேட்டையில் சத்யம், சாந்தம், சுபம். காலத்துக்கேற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட சத்யம் பின்னாளில் ஆறு திரைகளாக வளர்ந்தது. சஃபையரோ 1990களில் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. 2018இல் சத்யத்தை நடத்திய எஸ்.பி.ஐ. நிறுவனத்தை பி.வி.ஆர். வாங்கியது. பின்னால் பிறந்த டெல்லித் தம்பி, மூத்த சென்னை அண்ணனின் வீட்டை விலைக்கு வாங்கிய கதை இது.

இதில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. ஒலியும் இருக்கையும் மேம்பட்டன. ஆனால் தரை டிக்கெட்காரரும் கார்க்காரரும் ஒரே வாசலில் நுழைந்து, ஒரே படத்துக்குச் சேர்ந்து சிரித்த காலம் சுருங்கிவிட்டது. தமிழக மல்டிபிளெக்ஸ்களில் முன்வரிசைக்குப் பத்து ரூபாய் டிக்கெட் வைக்க அரசு விதி போட வேண்டியிருந்ததே, அதுவே சாட்சி.

1913இன் எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் பிழைத்திருக்கிறது. வெரைட்டி ஹாலின் பெயர் கோவையில் ஒரு சாலைக்கு நிலைத்திருக்கிறது. சஃபையருக்குக் கட்டடமும் இல்லை. அதை அறிந்த எங்கள் தலைமுறையின் நினைவு மட்டும்தான் மிச்சம். ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய டிக்கெட் துண்டோ, பட நோட்டீஸோ கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். பாலக்காட்டுக் கொட்டகைகளுடையதாக இருந்தாலும் சரி, நம் சங்கத்திடம் கொடுங்கள். சரித்திரம் அதிலும் இருக்கிறது.